வீடு வாங்குவோரும் வீடு ஆய்வோரும்

'வீடு' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு என்பதை நம் மாணவர் அறிவர். நாம் குடியிருக்கும் மனை ஒன்று. பிறவித் துன்பத்தினின்றும் விடுபட்டு எய்தும் பேறு மற்றொன்று. பின்னைய வீட்டுக்கு வழிகாட்டும் குருவை ஆராய்ந்தே தேர்தல் வேண்டும் என்று நம் முன்னோர் பலவாறு அறிவுறுத்தினர். முன்னைய வீட்டைக் காட்டித் தருபவனை ஆராய்வதிலோ நாம் அத்துணைக் கருத்துச் செலுத்துவதில்லை. தேநீர்க் கடையிற் கண்ட தரகர் ஒருவர் 'நல்ல வீடு' என்று கூறிய ஒரு சொல்லை நம்பி, வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் ஒப்படைத்தோர் நம்மிடையே பலர்.

இவ்விழா மலருக்குக் கட்டுரை வேண்டிய நண்பர்கள் எம்மிடம் சங்க இலக்கியம் பற்றியோ சமய குரவர் பற்றியோ எதிர்பார்த்திருத்தல் கூடும். எனினும், அண்மைக் காலத்தில் பழைய மாணவர் எமக்கு எழுதும் மடல்களிற் பாதி வீடு வாங்குதல் பற்றியனவாகவே உள்ளன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தோகாவிலும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, பெற்றோருக்காகவோ தம் முதுமைக்காகவோ, புத்தளத்திலோ சிலாபத்திலோ உடப்பிலோ ஒரு வீடு வாங்க விரும்புகின்றனர். உள்ளூரிற் பணிபுரிவோரும் ஓய்வூதியக் கொடையை எதிர்நோக்கி அவ்வாறே எண்ணுகின்றனர். ஆதலின், வீடு வாங்குமுன் அதனை ஆராய்ந்து சொல்லத்தக்கவரைத் தேர்வது எங்ஙனம் என்பதனையே ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

எமது அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து கால் மைல் தொலைவில் யாமும் ஒரு வீடு வாங்கினோம். சேமித்த பணமும், இல்லாளின் நகையும், வங்கிக் கடனும் சேர்ந்து அவ்வீடாயின. காணி உறுதியை நொத்தாரிசு ஒருவரிடம் ஒப்படைத்து, முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பதிவுகளையெல்லாம் காணிப் பதிவகத்தில் தேடுவித்தோம். நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கற்களைச் சரிபார்த்தோம். ஆயின், வீட்டைப் பார்க்கச் செலவிட்டது அரை மணி நேரமே. தரகர் ஒரு மேசனைத் தாமே அழைத்து வந்தார். அவர் சுவரைக் கையால் இரண்டு தட்டுத் தட்டி, "கல்லுப் போல இருக்குது, சேர். நூறு வருசத்துக்கு ஒண்டும் ஆகாது" என்றார். சுவரெங்கும் புதுத் தீந்தை மணந்தது. அம்மணத்தை யாம் நல்ல அறிகுறி என்று எண்ணினோம்.

இரண்டாவது மாரியில் சமையலறை மேற்றட்டின் அடியிற் பழுப்பு நிறக் கறை தோன்றிற்று. அடுத்து, கம்பி ஓடும் வழியே ஒரு வெடிப்புக் கண்டது. ஒருநாள் விடியற்காலையில் தலையளவான கொங்கிறீற்றுத் துண்டொன்று அடுப்பருகே வீழ்ந்தது. அன்று இல்லாள் தேநீர் வைக்கச் சிறிது பிந்தியமையால் இதனை இன்று எழுதுகின்றோம். மேற்றட்டை உடைத்து மீண்டும் கட்ட வேறொரு கடன் பட்டோம். அதனைத் தீர்க்க நான்கு ஆண்டுகள் சென்றன. அந்த மேசனுக்கு, விற்பனை முடிந்தாற் கிடைக்கும் தரகிற் பங்குண்டு என்பதைப் பின்னரே அறிந்தோம். அவரை யாம் நோகோம். அவருக்குக் கூலி கொடுத்தவர் யாம் அல்லேம்; எமக்காக அவர் பார்த்திருத்தல் வேண்டும் என எதிர்பார்த்தது எம் பேதைமையே. உறுதியைப் பார்க்க ஒருவரை நாமே அமர்த்தினோம்; வீட்டைப் பார்க்க விற்போர் தரப்பினரை விட்டோம். எம் பிழை அனைத்தும் இவ்வொரு வரியில் அடங்கும்.

முன்னோர் வழக்கும் பிற நாட்டு வழக்கும்

மனையைக் குறித்து வல்லோரைக் கலந்து செய்தல் தமிழருக்குப் புதிய வழக்கமன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனைக்கு இடம் வகுக்கும் காட்சி வருகின்றது. நண்பகலில் நிழலைக் கொண்டு திசையறிந்து, கட்டட நூல் கற்றோர் கயிறு பிடித்து அளந்து வகுத்தனர் என அப்பாட்டுக் கூறும். திருவள்ளுவரோ, ஒருவரை நம்புமுன் ஆராய்தலைத் 'தெரிந்து தெளிதல்' என்னும் 51ஆம் அதிகாரத்திலும், ஆராய்ந்தவரைத் தக்க வினையில் அமர்த்துதலைத் 'தெரிந்து வினையாடல்' என்னும் 52ஆம் அதிகாரத்திலும் வைத்தார். அரசனுக்குக் கூறிய அம்முறை, வீடு வாங்கும் ஆசிரியனுக்கும் மீன் வாணிகனுக்கும் பொருந்தாமற் போகாது.

மேல்நாடுகளில் இது தனித்தொழிலாகவே வளர்ந்துளது. அமெரிக்காவில் வீட்டு ஆய்வாளர் சங்கம் 1976இல் நிறுவப்பட்டது. அச்சங்கத்தின் ஒழுக்க விதிகளுள் ஒன்று நாம் மனத்திற் பதிக்கத்தக்கது: தாம் ஆராய்ந்த வீட்டில் அவ்வாய்வுக்குட்பட்ட பகுதிகளைக் கூலிக்குத் திருத்தும் வேலையை ஓராண்டு காலத்துக்கு ஆய்வாளர் ஏற்றல் ஆகாது. குறை காண்பவனே குறை தீர்க்கும் வேலையையும் பெறுவானாயின், இல்லாத குறையும் உண்டாகிவிடும் அன்றோ? 1984இல் கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம், வீட்டை விற்றுக்கொடுக்கும் தரகரும் அதனைக் கவனமாகப் பார்த்து, புலப்படும் குறைகளை வாங்குவோருக்கு உரைக்கக் கடமைப்பட்டவர் எனத் தீர்த்தது. மண் நிரப்பிய நிலத்தில் எழுந்த வீடொன்று நிலச்சரிவாற் சிதைந்தமையே அவ்வழக்குக்குக் காரணம்.

இங்கிலாந்து வழக்கொன்று இன்னும் தெளிவானது. நோர்விச் நகரில் 1980இல் ஒரு பெண்மணி வீடு வாங்கக் கடன் கேட்டார். கடன் கொடுக்கும் நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர், கீழ்த்தளங்களில் புகைபோக்கியின் அடிச்சுவர்கள் அகற்றப்பட்டிருந்தமையைக் கண்டார். மேலே கூரைக்குள் எஞ்சி நின்ற புகைபோக்கியைத் தாங்குவது யாது என்பதைப் பார்த்தாரல்லர். முதன்மையான திருத்தம் எதுவும் வேண்டியதில்லை என அறிக்கை எழுதினார். அதனை நம்பி அப்பெண்மணி வேறு ஆய்வு செய்வியாது வீட்டை வாங்கினார். பதினெட்டுத் திங்களின் பின் புகைபோக்கிச் செங்கற்கள் கூரையைப் பிளந்து படுக்கையறையில் வீழ்ந்தன. மதிப்பீட்டாளரே பொறுப்பாளி எனப் பிரபுக்கள் சபை 1989இல் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்றார் எனினும், அதற்கு எத்தனை ஆண்டு சென்றன என்பதை நோக்குக. கூரைக்குள் ஏறிப் பார்க்கச் சில நிமிடங்களே வேண்டியிருந்தன.

உறுதி வேறு, வீடு வேறு

நம் நாட்டில் வீட்டு ஆய்வாளர் என்னும் தனித்தொழில் இன்னும் வேரூன்றவில்லை. ஆதலின் ஒருவர் பார்த்ததை மற்றவரும் பார்த்தார் என மயங்குதல் எளிது. யார் எதனைப் பார்க்கின்றனர் என்பதைப் பிரித்தறிதல் வேண்டும்.

காணி விற்பனை, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பெறல் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. நொத்தாரிசு உரிமையின் வழியைப் பார்ப்பார். சுவரின் வெடிப்பை அவர் பாரார். நில அளவையாளர் எல்லையை அளப்பார், அத்திவாரத்தை அளவார். வங்கியின் மதிப்பீட்டாளர், கடன் திரும்பாவிடின் அவ்வீடு என்ன விலை பெறும் என்பதைக் கணிப்பார். அவர் கூலியை நாமே செலுத்தினும் அவர் நோக்குவது வங்கியின் காப்பையே. இம்மூவரும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்த பின்னும் வீட்டின் உடல்நிலையைப் பார்த்தவர் ஒருவருமிலர் என்பதே உண்மை. சட்டத்தை நம்பியிருத்தலும் தகாது. நம் நாட்டு உரோம ஒல்லாந்தச் சட்டம் மறைந்துகிடந்த குறைக்கு வாங்கியோனுக்குப் பரிகாரம் அளிப்பினும், கண்ணெதிரே கிடந்து அவன் காணாது விட்ட குறைக்கு அளிப்பதில்லை.

நம் கரையில் ஆராய வேண்டுவன

ஆய்வாளரைத் தேர்வதற்கு, அவர் எதனை ஆராய வேண்டும் என்பதை நாம் ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். மலைநாட்டு வீட்டுக்கு மண்சரிவு பகையாவது போல், நம் கரையோர வீட்டுக்கு முதற்பகை உப்பாகும். சீமெந்தின் காரத்தன்மை உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின்மீது ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றது. கடற்காற்றோடு வரும் உப்போ, கழுவாத கடல்மணலோடு கலந்த உப்போ உட்புகுந்து அப்படலத்தை அழிக்கும். கம்பி துருவேறும், துரு இரும்பினும் பன்மடங்கு இடங்கொள்வதாதலின் கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். எம் சமையலறையில் நிகழ்ந்தது அதுவே. வல்ல ஆய்வாளர் சிறு சுத்தியலால் மேற்றட்டின் அடியை முழத்துக்கு முழம் தட்டி ஓசை கேட்பார். திண்ணிய இடம் கணீரென ஒலிக்கும். உள்ளே பிளந்த இடம் வெற்றுப் பானைபோல் ஒலிக்கும். மேலே எத்துணைத் தீந்தை பூசினும் இவ்வோசையை மறைத்தல் இயலாது.

சுவரின் அடியில் வெண்ணிறமாகப் பூக்கும் உப்பு, நிலத்தின் ஈரம் மேலேறுவதைக் காட்டும். வெடிப்புகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. சாந்துப் பூச்சின் மயிரிழை வெடிப்புப் பெரும்பாலும் தீங்கற்றது. சன்னல் மூலையிலிருந்து சரிந்தேறி, ஒரு புறம் அகன்று செல்லும் வெடிப்பு அத்திவாரம் இறங்குவதன் அறிகுறி. ஐயமாயின் வெடிப்பின் குறுக்கே மெல்லிய தாளை ஒட்டி நாளெழுதி வைப்பர். சில வாரங்களில் தாள் கிழியுமாயின் வெடிப்பு இன்னும் வளர்கின்றது என்பது பொருள். களப்போரத்திலும் பள்ளத்திலும் மண் நிரப்பிக் கட்டிய வீடுகளில் இதனைச் சிறப்பாக நோக்குதல் வேண்டும்.

கூரையில் வளையும் கைமரமும் சலாகையும் கறையானுக்கு இரையாகியுள்ளனவா என்பதை, கத்தி முனையாற் குத்தியே அறிதல் வேண்டும். ஆணிகளும் தகடுகளும் கடற்காற்றில் விரைந்து துருவேறும். பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை உடைப்பதும் வெட்டுவதும் நுரையீரலுக்குக் கேடு. ஆதலின் அதனை மாற்றும் செலவையும் முன்னரே கணித்தல் நன்று. மின்சாரத்தில் நிலத்தொடுப்புச் சரியாக உள்ளதா, ஒழுக்கு நேரின் தானே துண்டிக்கும் ஆளி உளதா எனச் சோதித்தல் வேண்டும்.

நீரையும் மறத்தலாகாது. கற்பிட்டிப் பகுதி போன்ற மணற்பாங்கான இடங்களில் நன்னீரானது உவர் நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. மிகுதியாக இறைத்தால் உவர் மேலேறும். மணல் விரைந்து நீரை வடிய விடுதலின், மலக்குழிக் கழிவும் தோட்டத்துக்கு இடும் உரத்தின் நைத்திரேற்றும் கிணற்றை எளிதில் அடையும். ஆகவே கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடைத்தூரத்தை அளந்து, அயலவர் மலக்குழி எங்குள்ளது என்பதையும் வேலிக்கு அப்பால் நோக்கி, நீரைப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். நம் பகுதியின் பெருமழை ஐப்பசி கார்த்திகையிற் பொழிவது. சித்திரை கழிந்த கோடையில் எல்லா வீடும் நல்ல வீடே. கூடுமாயின் மழைக்குப் பின் ஒருமுறை பார்த்தலும், சிலாபத்தில் தெதுறு ஓயா பெருகுங்கால் வெள்ளம் எதுவரை வருமென அயலாரை வினாவுதலும் நலம்.

இறுதியாக, கரைக்கு அண்மையில் உள்ள வீட்டுக்குச் சட்டப் பார்வையும் ஒன்றுண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டத்தின்படி, கடலின் சராசரி உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்புறமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அதனுட் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும். அவ்வனுமதியும், உள்ளூராட்சி மன்றத்தின் கட்டட அனுமதியும் இணக்கச் சான்றிதழும் உள்ளனவா எனக் கேட்க. நம் மேற்குக் கரையிற் பல இடங்களைக் கடல் அரித்து வருகின்றது என்பதை நாம் கண்கூடாகக் காண்கின்றோம்.

ஆய்வாளரைத் தேரும் வழி

இவற்றை ஆராய வல்லவர் யாவர்? பட்டயம் பெற்ற கட்டடப் பொறியியலாளர் சிறந்தவர். அவர் கிடையாவிடத்து, உள்ளூராட்சி மன்றங்களிலோ திணைக்களங்களிலோ பணியாற்றி ஓய்வு பெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் தக்கவர். கூரைக்கு ஒரு தச்சரையும் மின்சாரத்துக்குத் தகுதி பெற்ற ஒரு மின்வினைஞரையும் அவரோடு சேர்த்துக்கொள்ளலாம். எவராயினும் பின்வரும் சோதனைகளில் அவர் தேறுதல் வேண்டும்.

முதலாவது, விற்பனை நடந்தாலும் நடவாவிட்டாலும் அவர் பெறும் கூலி ஒன்றாயிருத்தல் வேண்டும். தரகரோ விற்பவரோ காட்டித் தந்தவராயின் வேறொருவரை நாடுக. இரண்டாவது, பழுது காணின் அதனைத் தாமே திருத்தித் தருவதாக அவர் சொல்லலாகாது. மூன்றாவது, கடலோரக் கட்டடங்களிற் பழகியவராயிருத்தல் வேண்டும். கண்டியிற் பெற்ற அனுபவம் முழுவதும் கற்பிட்டிக்குப் பயன்படாது. நான்காவது, ஏணியும் சுத்தியலும் ரோச் விளக்கும் கொண்டு வந்து, இரண்டு மூன்று மணி நேரமேனும் செலவிட்டு, கூரைக்குள் ஏறுபவராயிருத்தல் வேண்டும். ஐந்தாவது, வாங்குபவரைக் கூடவே வரச்சொல்லிக் காட்டி விளக்குதல் வேண்டும். ஆறாவது, கண்டவற்றை எழுதிக் கையொப்பமிட்டுத் தருதல் வேண்டும். உடனே திருத்த வேண்டியது யாது, பின்னர்த் திருத்தத்தக்கது யாது, தம்மாற் பார்க்க இயலாது போன இடம் யாது என்பன அதிற் பிரித்துக் கூறப்படுதல் வேண்டும். வாய்ச்சொல்லில் 'ஒன்றுமில்லை' என்பவர் பலர்; அதனையே எழுதித் தருவீரா எனக் கேட்டால் மீண்டும் ஒருமுறை கூரையை நோக்குவர். அவர் முன்னர் எழுதிய அறிக்கை ஒன்றனைப் பெயர் மறைத்துக் காட்டும்படி கேட்பதும் தவறன்று.

அன்பு இவற்றுக்கு ஈடாகாது என்பதையும் யாம் கற்றோம். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவன் ஒருவன், சிலாபத்துக்கு அண்மையில் ஒரு வீட்டைப் பார்த்துச் சொல்லும்படி எம்மைக் கேட்டான். "சேர், நீங்கள் பார்த்தால் நான் பார்த்தது போல" என்று எழுதியிருந்தான். சென்று பார்த்தோம். அகன்ற விறாந்தையும் முற்றத்து மாமரமும் எம் மனத்தைக் கவர்ந்தன, கூரை அழகாயிருந்தது, சுவரில் ஓடிய சில வெடிப்புகளே அச்சந் தந்தன. 'வேண்டாம்' என எழுத எண்ணினோம். பின்னர் எம் சமையலறை நினைவுக்கு வர, ஓய்வு பெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரைக் கூலி பேசி அழைத்துச் சென்றோம். எம்மை அச்சுறுத்திய வெடிப்புகள் வெறும் பூச்சு வெடிப்புகள் என்றும், யாம் வியந்த கூரையின் முகட்டு வளையைக் கறையான் பாதி தின்றுவிட்டது என்றும் அவர் மூன்று மணி நேரத்திற் காட்டினார். யாம் கண்ட நன்மையும் தீமையும் தலைகீழாயின. கூரை மாற்றும் செலவை விலையிற் கழித்து அம்மாணவன் அவ்வீட்டை வாங்கினான். இன்று அவன் பெற்றோர் அங்கு வாழ்கின்றனர். ஆய்வு, வீட்டை விலக்குவதற்கு மட்டுமன்று. அறிந்து வாங்குவதற்கும் உரியது. தொலைவிலுள்ளோர் நம்பிக்கைக்குரிய உறவினரை அனுப்புவதோடு அமையாது, அறிவுக்குரிய ஒருவரையும் உடன் அனுப்புவாராக.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் கல்லூரியிற் கற்றோருள் பொறியியலாளரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் நில அளவையாளரும் நொத்தாரிசும் மின்வினைஞரும் தச்சரும் உளர். அவர்தம் பெயர்ப்பட்டியல் ஒன்றைச் சங்கம் தொகுத்து வைத்து, கேட்போருக்குக் கொடுக்கலாம். ஆனால் பட்டியலிலுள்ளவர் நம் கல்லூரியார் என்பதற்காக மட்டும் அவரை அமர்த்தற்க. மேற்கூறிய ஆறு சோதனைகளையும் அவருக்கும் வைக்க. நல்ல ஆய்வாளர் அதற்காக மனம் வருந்தார். வருந்துவாராயின், வேறொருவரை அழைத்துச் செல்க.